விளக்கு எரிந்தால், இழுவை போனால், புகை வந்தால்: வடசென்னையில் டீசல் கார் வைத்திருப்பவருக்கு

கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்தே காலம் தள்ளும் டீசல் கார்கள்தான் எங்கள் மெக்கானிக் ஷெட்டுக்கு அதிகம் வருகின்றன. வீடு தண்டையார்பேட்டை, வேலை மணலி. அல்லது வீடு எர்ணாவூர், பிள்ளைகளின் பள்ளி ராயபுரம். தூரம் கொஞ்சம்தான், நேரம்தான் முக்கால் மணி. எஞ்சின் சூடாகும், சைலன்சர் சூடாகாது. மீட்டர் 30,000 காட்டும், தொந்தரவு மட்டும் லட்சம் ஓடிய வண்டிக்கு வருவதுபோல் இருக்கும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

2020 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு பதிவான, பி.எஸ்.6 புகை விதிக்கு உட்பட்ட டீசல் கார்களை மனதில் வைத்து எழுதியது இது. அதற்கு முந்தைய பி.எஸ்.4 காமன் ரயில் வண்டி (டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கெல்லாம் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வண்டி) வைத்திருப்பவர்கள் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி, யூரியா பற்றிய பகுதிகளைத் தாண்டிவிட்டு மற்றதைப் படிக்கலாம்.

தொடங்கும் முன் ஒன்று. செக் எஞ்சின் லைட் எரிந்தால் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி அணைக்காதீர்கள். விளக்கோடு சேர்ந்து, வண்டியின் கணினி பதிந்து வைத்த பழுதுக் குறியீடும், அதாவது கோடும் (code), அழிந்துவிடும். அந்தக் கோடை வைத்துத்தான் காரணம் தேட வேண்டும். அந்தக் கோடைப் படிக்கும் ப்ளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று வாங்கி வண்டியிலேயே போட்டு வையுங்கள், மலிவாகவே கிடைக்கிறது. கோடைப் படம் எடுத்துக்கொண்ட பிறகு எதையும் கழற்றுங்கள்.

மஞ்சள் டி.பி.எஃப். விளக்கு எரிகிறது

*விளக்கு மட்டும்தான், இழுவை சரியாக இருக்கிறது*

வண்டி ஓட்டம் கேட்கிறது, அவ்வளவுதான். சைலன்சர் வழியில் இருக்கும் கரி வடிகட்டி நிறைந்துகொண்டு வருகிறது. உள்ளே தேங்கிய கரியை எரிக்க 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எத்தனை மணி நேரம் ஊர்ந்தாலும் அந்தச் சூடு வராது.

கிளம்பும் முன் மூன்றைப் பாருங்கள். டேங்கில் கால்பங்குக்கு மேல் டீசல் இருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டாமல் இருக்கிறதா, வேறு எச்சரிக்கை விளக்கு ஏதாவது எரிகிறதா. டீசல் குறைவாக இருந்தால் பல வண்டிகள் கரி எரிப்பைத் தொடங்கவே தொடங்காது. இது தெரியாமல் ரிசர்வில் ஓட்டிவிட்டு "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே ஓட்டினேன், ஒண்ணும் ஆகலை" என்று வருபவர்கள் உண்டு.

மூன்றும் சரி என்றால் மாதவரம் ரவுண்டானாவிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையான ஜி.என்.டி. சாலையைப் பிடியுங்கள். செங்குன்றம் நெரிசலைக் கடந்து காரனோடை பாலம் தாண்டினால் சாலை திறந்துவிடும். கவரைப்பேட்டை வரை போய்த் திரும்பலாம். மீஞ்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு வெளிவட்டச் சாலை இன்னும் வசதி. மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர், விடாமல் 20 நிமிடம். ஆறாம் கியரில் சோம்பலாக ஓட்டினால் போதாது. நான்காவதிலோ ஐந்தாவதிலோ வைத்து ஆர்.பி.எம். 2,000க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு விடியற்காலை நல்ல நேரம். டோல் கேட்டில் ஓரிரு நிமிடம் நின்றால் கெட்டுப்போகாது. நடுவில் வண்டியை அணைத்தால்தான் கெடும்.

எரிப்பு நடக்கும்போது வண்டியே காட்டிக்கொடுக்கும். நின்ற இடத்தில் ஐட்லிங் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடும், மைலேஜ் காட்டி சட்டென்று இறங்கும், தானாக அணைந்து எழும் வசதி வேலை செய்யாது, சூடான இரும்பு வாடை வரும், சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும். வீட்டு வாசலுக்கு வந்த நேரத்தில் இவற்றைக் கண்டால் அணைக்காதீர்கள். பக்கத்துத் தெருக்களையோ எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையையோ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள். ஒரு முறை பாதியில் நிறுத்தினால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. தினமும் பாதியில் நிறுத்துபவர்களுக்குத்தான் அடுத்த இரண்டு தலைப்புகள்.

எரிப்பு நடக்கும்போது காய்ந்த புல் மீதோ குப்பைக் குவியல் மீதோ நிறுத்த வேண்டாம். கீழே இருக்கும் குழாய் நெருப்பு வைக்கும் சூட்டில் இருக்கும்.

*நன்றாக ஓட்டியும் அணையவில்லை*

இனி ஸ்கேனர். பி 2463 வந்தால் கரி அதிகம் சேர்ந்துவிட்டது என்று பொருள். அதோடு வேறு கோடு ஏதாவது நிற்கிறதா என்பதுதான் முக்கியம், ஏனென்றால் பல வண்டிகளில் வேறொரு குறை இருக்கும்வரை கரி எரிப்பைக் கணினி அனுமதிக்காது. அந்த வேறொரு குறை பெரும்பாலும் சில்லறைச் செலவில் முடியும்.

வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாய்களை முதலில் பாருங்கள். சூட்டில் வெடித்திருக்கும், கழன்றிருக்கும், சில சமயம் எலி கடித்திருக்கும். கையால் தொடக்கூடிய இடத்தில் இருந்தால் வண்டி முழுக்க ஆறிய பிறகு தடவிப் பாருங்கள். அடுத்து அந்த சென்சாரின் கனெக்டர். காசிமேடு, எண்ணூர் கடலோரத் தெருக்களில் நிறுத்தும் வண்டிகளில் கனெக்டர் முனையில் பச்சைப் பூ பூத்திருக்கும். உப்புக் காற்றின் வேலை. கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தாலே விளக்கு அணைந்த வண்டிகள் உண்டு.

க்ளோ ப்ளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் ப்ளக்) கோடு, அதாவது பி 0380 மாதிரி ஏதாவது இருந்தால் அலட்சியம் வேண்டாம். சென்னைக் குளிருக்கு க்ளோ ப்ளக் எதற்கு என்று சொல்லி விட்டுவிடுவார்கள். ஸ்டார்ட் ஆவதற்கு அது தேவைப்படாமல் இருக்கலாம், ஆனால் சில மாடல்களில் அது கெட்டிருந்தால் கரி எரிப்பு நடக்காது. அடுத்து பி 0401, எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வில் கரி அடைப்பு. கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் தீரும். சென்சாரையே மாற்றுவது அதற்குப் பிறகுதான்.

*இழுவை போய்விட்டது, செக் லைட்டும் சேர்ந்து எரிகிறது*

இந்த நிலையில் கவரைப்பேட்டைக்குக் கிளம்பாதீர்கள். கரி அளவு மீறியிருக்கும்போது ஓட்டத்தில் எரித்தால் வடிகட்டியே உருகி வெடிக்கலாம். மெல்ல ஓட்டி ஷெட்டுக்கு வாருங்கள், அல்லது டோ செய்யுங்கள். கம்பெனி ஸ்கேனரோ அதற்கு ஈடான கருவியோ வைத்திருப்பவர்தான் இதைத் தொட வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்தே கட்டாயமாகக் கரியை எரிக்க வைப்பார்கள். எரிப்பதற்கு முன் கரி எத்தனை கிராம் என்று ஸ்கேனர் காட்டும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்த பிறகும் கேளுங்கள். வேலை முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாக வேண்டும். ஏன் என்பது அடுத்த பகுதியில் வருகிறது.

கரி எரியும், சாம்பல் எரியாது. லட்சத்தைத் தாண்டிய வண்டியில், அதுவும் தப்பான ஆயில் ஊற்றிய வண்டியில், வடிகட்டியை நிரப்பியிருப்பது ஆயிலிலிருந்து வந்த சாம்பல். அப்போது கட்டாய எரிப்பு எத்தனை முறை செய்தாலும் சில நாளில் விளக்கு திரும்ப வரும். கழற்றி, அதற்கான இயந்திரத்தில் எதிர்த் திசையில் காற்றும் நீரும் விட்டுச் சுத்தம் செய்யலாம். புது வடிகட்டிக்குப் போகும் முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் பல மாடல்களில் புதியதன் விலை லட்சத்தைத் தொடும்.

"அதையே வெட்டி எடுத்துட்டு பைப் போட்டுரலாம்ணா" என்று யாராவது சொல்வார்கள். பிக்கப் கூடும் என்பார்கள். அது சட்டப்படி குற்றம், புகைப் பரிசோதனையில் மாட்டலாம், இன்சூரன்ஸ்காரர் கண்ணில் பட்டாலும் சிக்கல். மணலியிலும் எண்ணூரிலும் மூச்சுவிடும் நமக்கு இன்னும் கொஞ்சம் கரி தேவையா என்பதையும் யோசிக்கலாம். எங்கள் ஷெட்டில் அந்த வேலையைச் செய்வதில்லை.

டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போகிறது

ஆயில் குறைந்தால் எல்லோரும் பயப்படுவார்கள். ஏறினால் சந்தோஷப்படுவார்கள். இந்த எஞ்சின்களில் ஏறுவதுதான் மோசம்.

கரியை எரிப்பதற்காக எஞ்சின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கும். எரிப்பு பாதியில் நின்றால் அந்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயில் சேம்பருக்குள் இறங்கிவிடும். ஆயில் நீர்த்துப்போகும், பேரிங்கும் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவும் தேயும். சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். டீசல் வாடை தூக்கலாக இருந்து, அளவும் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் சர்வீஸ் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆயிலை டிரெய்ன் செய்து ஃபில்டரோடு மாற்றுங்கள். அளவு மிக அதிகமென்றால் ஓட்டவே வேண்டாம். நீர்த்த ஆயில் காற்று வழியில் புகுந்தால் எஞ்சின் தன் ஆயிலையே குடித்துக் கட்டுக்கடங்காமல் சுற்றத் தொடங்கும்.

மாற்றிய ஆயில் சில வாரத்திலேயே மறுபடி ஏறுகிறதா? அப்படியென்றால் ஓட்டும் முறை மட்டும் காரணமில்லை, இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அது டீசல் பம்ப்பும் இன்ஜெக்டரும் பழுது பார்க்கும் கடைக்காரரின் வேலை. ஆயில் மஞ்சளாக, பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எந்த ஆயில் என்பதிலும் ஏமாறாதீர்கள். டி.பி.எஃப். உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டும். டப்பாவின் பின்பக்கம் ஏ.சி.இ.ஏ. சி2, சி3 என்று போட்டிருக்கும். உங்கள் வண்டிக் கையேடு எதைச் சொல்கிறதோ அதுதான். 5டபிள்யூ30 என்ற எண் மட்டும் ஒத்துப்போனால் போதாது. கம்பெனி 10,000 அல்லது 15,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று சொல்லியிருந்தாலும், நெரிசலிலேயே ஓடும் வண்டிக்கு நான் 7,500ல் மாற்றச் சொல்வேன். வருடத்துக்கு அந்தக் கிலோமீட்டர் வராவிட்டாலும் வருடம் ஒரு முறை மாற்ற வேண்டும்.

இழுவை இல்லை, டி.பி.எஃப். விளக்கும் எரியவில்லை

ஷெட்டில் அதிகம் பணம் வீணாவது இந்தப் புகாரில்தான். "டர்போ போயிடுச்சு" என்று யாரோ சொல்லியிருப்பார், வண்டிக்காரர் புதுப்பேட்டையில் பழைய டர்போ விலை விசாரித்துவிட்டே வந்திருப்பார். வந்து பார்த்தால் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கும்.

*விசில் அல்லது "புஸ்" சத்தம் கூடியிருக்கிறது*

காற்று வெளியேறுகிறது. டர்போவிலிருந்து காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் தடித்த ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். மூட்டுகளில் ஈரமான ஆயில் பூச்சும் தூசும் திட்டாக ஒட்டியிருந்தால் அங்கேதான் கசிவு. லேசான ஆயில் படலம் எல்லா டர்போ வண்டியிலும் இருக்கும், சொட்டினால்தான் கவலை. ஹோஸின் அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள், மேலிருந்து பார்த்தால் தெரியாத வெடிப்பு அங்கேதான் இருக்கும். ஸ்கேனரில் பி 0299, அதாவது டர்போ அழுத்தம் போதவில்லை என்ற கோடு வந்தாலும் முதல் சந்தேகம் இந்த ஹோஸ்கள்தான்.

*சத்தம் இல்லை, ஆனால் எல்லா வேகத்திலும் மந்தமாக இருக்கிறது*

ஏர் ஃபில்டரைத் திறங்கள். அத்திப்பட்டு, மணலி புதுநகர் பக்கம் நிறுத்தும் வண்டிகளில் நிலக்கரித் தூசும் சாம்பலும் சேர்ந்து ஃபில்டர் கறுத்துக் கனத்திருக்கும். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் பாதிக்கே மாற்றலாம். காற்றழுத்தத்தில் ஊதி ஊதிப் பயன்படுத்தினால் காகிதம் கிழிந்து தூசு நேராக டர்போவுக்குப் போகும்.

அடுத்தது டீசல் ஃபில்டர். இங்கே சிக்கனம் பார்க்கவே கூடாது. இன்றைய பம்ப்பும் இன்ஜெக்டரும் 1,600 முதல் 2,000 பார் வரையிலான அழுத்தத்தில் வேலை செய்கின்றன. மணல்துகளும் தண்ணீரும் அவற்றுக்கு விஷம். ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு பல வண்டிகளில் இருக்கும். கண்ணாடிப் பாட்டிலில் வடித்து வைத்துப் பாருங்கள், தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். மீட்டரில் தண்ணீர் விளக்கு எரிந்தால் அன்றைக்கே வடியுங்கள். அடிக்கடி எரிந்தால் பங்க்கை மாற்றுங்கள், மாற்றியும் எரிந்தால் டேங்கை இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும்.

*மேட்டிலும் ஓவர்டேக்கிலும் திடீரென்று கட் ஆகிறது, அணைத்து ஸ்டார்ட் செய்தால் சரியாகிறது*

இது லிம்ப் மோடு, எஞ்சினைக் காப்பாற்ற கணினியே இழுவையைக் குறைக்கும் நிலை. டர்போவின் உள்ளே காற்றுத் திசையை மாற்றும் சிறு இறக்கைகள் கரி பிடித்து இறுகியிருக்கலாம், அதை அசைக்கும் ஆக்சுவேட்டர் கெட்டிருக்கலாம். ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாயில் ஓட்டை இருக்கலாம், அது மலிவு, அதை முதலில் பாருங்கள். காமன் ரயில் குழாயில் அழுத்தம் குறைகிறது என்று பி 0087 வந்தால் டீசல் ஃபில்டர், பிறகு டேங்கிலிருந்து வரும் பம்ப், பிறகு இன்ஜெக்டர் திரும்பும் டீசல் அளவு, கடைசியாக ஹை பிரஷர் பம்ப் என்ற வரிசையில் போக வேண்டும். இன்ஜெக்டர் வரிசைக்கு வந்துவிட்டால் நீங்கள் நிறுத்திக்கொண்டு டீசல் பம்ப் கடைக்குப் போங்கள். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய லாரிப் பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னக் காயம்போல் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் நேராக ஆஸ்பத்திரி.

*டர்போ உண்மையிலேயே போயிருந்தால்*

ஏர் ஹோஸைக் கழற்றி, ஆறிய வண்டியில் டர்போவின் தண்டை விரலால் அசைத்துப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் மிகச் சிறு ஆட்டம் இருக்கலாம். இறக்கை சுவரில் உரசினாலோ முன்னும் பின்னும் ஆடினாலோ மாற்ற வேண்டியதுதான். போனதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் போகும். ஆயில் வரும் குழாய் அடைப்பு, பழைய ஆயில், கிழிந்த ஏர் ஃபில்டர், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நெடுஞ்சாலையில் வேகமாக வந்து தாபாவில் நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள். ஊருக்குள் ஊர்ந்து வந்தவர்களுக்கு அது தேவையில்லை.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

*செல்ஃப் மெதுவாக இழுக்கிறது அல்லது "டக் டக்" என்கிறது*

பேட்டரி, டெர்மினல், எர்த், இந்த வரிசையில். டீசல் எஞ்சினைச் சுற்ற பெட்ரோல் எஞ்சினைவிடக் கூடுதல் பலம் வேண்டும், அதனால் பாதி போன பேட்டரி இங்கே சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் வந்தால் நலம், 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்தது. பேட்டரி நல்லது, ஆனாலும் இழுக்கவில்லையென்றால் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் மேலே பளபளப்பாக இருக்கும் வயர் உள்ளே பொடிந்திருக்கும்.

*செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை*

டீசல் இருக்கிறதா என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் கேட்பேன். அடுத்து, நேற்று பங்க்கில் பெட்ரோல் போட்டுவிட்டார்களா? சந்தேகம் இருந்தால் சாவியையே திருப்ப வேண்டாம், டேங்கை முழுக்க வடிக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், சமீபத்தில் டீசல் ஃபில்டர் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். மாற்றிய பிறகு வரும் இந்தத் தொந்தரவு பெரும்பாலும் ஏர் எடுப்பதுதான். ஃபில்டரின் ஓ-ரிங், குழாய் மூட்டுகளைப் பாருங்கள், ஒளி ஊடுருவும் குழாய் இருந்தால் குமிழி தெரியும். விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், ஒரு தடவைக்குப் பத்து விநாடி போதும். இடையில் செல்ஃப் ஆறட்டும்.

*சூடாக இருக்கும்போது மட்டும் பிடிக்க நேரமாகிறது*

இன்ஜெக்டர் தேய்ந்து திரும்பும் டீசல் அதிகமாகியிருக்கும். நான்கிலும் பாட்டில் மாட்டி அளந்து பார்ப்பார்கள், எது அதிகம் விடுகிறதோ அது மட்டும்தான் குற்றவாளி. நான்கையும் மாற்றச் சொன்னால் அந்த அளவைக் காட்டச் சொல்லுங்கள்.

புகை

டி.பி.எஃப். நல்லபடி இருக்கும் வண்டியில் கறும்புகை வெளியே தெரியவே கூடாது. சைலன்சர் குழாய் வாயில் விரலை வைத்தால் கரி ஒட்டுகிறதா? வடிகட்டி வெடித்திருக்கிறது, அல்லது உங்களுக்கு முன் வைத்திருந்தவர் அதை எடுத்துவிட்டார். பழைய வண்டி வாங்கும்போது இந்த விரல் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். பி.எஸ்.4 வண்டியில் கறும்புகை என்றால் காற்று போதவில்லை, இழுவை பகுதியில் சொன்ன ஹோஸும் ஃபில்டரும்தான்.

வெண்புகை காலையில் கொஞ்சம் வந்து மறைந்தால் விடுங்கள். சூடான பிறகும் வந்து, கூலன்ட் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டோ இ.ஜி.ஆர். கூலரோ கசிகிறது. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. இரண்டுக்கும் மெக்கானிக்தான்.

சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் தானாக அலறிச் சுற்றினால் மேலே சொன்ன ஆயில் குடிக்கும் நிலை. மேனுவல் வண்டியில் பிரேக்கை முழுபலத்தோடு மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட்டு அணையுங்கள். முடியாவிட்டால் எல்லோரையும் இறக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுங்கள். பானெட்டைத் திறக்காதீர்கள்.

சூடு முள் ஏறுகிறது

நெரிசலில் மட்டும் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன் அல்லது முன்பக்க அடைப்பு. ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் இடையில் தூசும் பூச்சியும் மெத்தை மாதிரி படிந்திருக்கும். அழுத்தமில்லாமல் தண்ணீர் விட்டு உள்ளிருந்து வெளியே கழுவுங்கள், பிரஷர் வாஷரை அருகில் வைத்து அடித்தால் இதழ்கள் மடங்கிவிடும். ஓடும்போதும் ஏறினால் ஓரம் கட்டி அணைத்து, கூலன்ட் மூடியைத் தொடாமல் காத்திருங்கள். கூலன்ட் இடத்தில் போர்த் தண்ணீர் ஊற்றிப் பழகியவர்கள் நம் பக்கம் நிறைய. உப்பு நிறைந்த அந்தத் தண்ணீர் இரண்டு வருடத்தில் ரேடியேட்டரையும் இ.ஜி.ஆர். கூலரையும் அரித்துவிடும்.

தண்ணீரில் நின்றுவிட்டது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு வந்த வண்டிகளில் எஞ்சின் உடைந்தவை எல்லாம் தண்ணீரில் நின்றதால் உடையவில்லை. நின்ற பிறகு செல்ஃப் அடித்ததால் உடைந்தவை. டீசல் எஞ்சின் காற்றை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக நசுக்குகிறது. தண்ணீரை நசுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும்.

கணேசபுரம் சுரங்கப்பாதையிலோ வியாசர்பாடியிலோ தண்ணீர் தேங்கியிருந்தால் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் இறங்காதீர்கள். பஸ் போகிறதே என்று பின்னால் போவதுதான் ஆபத்து, அது எழுப்பும் அலை உங்கள் ஏர் இன்டேக்குக்குள் புகும்.

நின்றுவிட்டால் சாவியை எடுத்து, நியூட்ரலில் தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள். காகிதம் காய்ந்திருந்து ஆயிலும் தெளிவாக இருந்தால் மெக்கானிக்கிடம் கேட்ட பிறகு ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். ஈரமாக இருந்தால் டோ மட்டும்தான். க்ளோ ப்ளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றி, கையால் எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே செல்ஃப் தொட வேண்டும். இன்சூரன்ஸ்காரருக்குப் படத்தோடு தகவல் சொல்லிவிடுங்கள். எஞ்சின் பாதுகாப்பு கூடுதல் பாலிசி இல்லாதவர்கள் நனைந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து உடைத்தால் பணம் கிடைப்பது கடினம்.

எண்ணூர்ப் பக்கத்தில் வந்ததுபோல் எண்ணெய் கலந்த வெள்ளமாக இருந்தால் எஞ்சின் தப்பினாலும் பெல்ட்டும் ரப்பர் ஹோஸும் தப்பாது. உப்பிப் பிசுபிசுத்திருந்தால் மாற்றுங்கள்.

கிளட்ச் வாடை, அணைக்கும்போது "கடகட"

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலும் துறைமுக ஜீரோ கேட் லாரி வரிசையிலும் பாதிக் கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி வைப்பவர்களுக்கு இது 40,000லேயே வரும். முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழட்டும், பிறகு நகருங்கள், நின்றால் நியூட்ரல். நடுவில் ஆட்டோ நுழையும் என்பது உண்மைதான், ஆட்டோ கிளட்ச் பிளேட்டைவிட மலிவு.

கியர் போட்டு முடுக்கினால் ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் தேய்ந்துவிட்டது. ஐட்லிங்கில் கடகடத்து, கிளட்ச் மிதித்தால் சத்தம் மாறினால், அணைக்கும்போது ஒரு உதறல் வந்தால் எஞ்சின் அதிர்வைத் தாங்கும் இரட்டை ஃப்ளைவீலைச் சந்தேகப்படுங்கள். அது பிளேட்டைவிடப் பல மடங்கு விலை. கியர்பாக்ஸை இறக்கும்போது அதையும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு தனியாக இறக்கினால் கூலி இரண்டு தடவை.

யூரியா எச்சரிக்கை: "இன்னும் இத்தனை கிலோமீட்டர்"

சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யத் தெளிக்கும், டி.இ.எஃப்., ஆட்ப்ளூ என்று சொல்லும் திரவம் தீர்ந்துகொண்டிருக்கிறது. எண் பூஜ்யத்துக்கு வந்தால், அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அதனால் நெல்லூருக்குக் கிளம்பும் முன் ஊற்றிவிடுங்கள். அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றினால் ஊசித் துளை அடைந்து சிஸ்டம் முழுக்கப் போகும். வெயிலில் கிடந்த பழைய கேனும் வேண்டாம், தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

நிரப்பியும் எச்சரிக்கை போகவில்லையென்றால் போதுமான அளவு ஊற்றினீர்களா என்று பாருங்கள், கொஞ்சமாக ஊற்றினால் சில வண்டிகளில் சென்சார் கணக்கில் எடுக்காது. சாவியைப் போட்டு சில நிமிடம் விட்டு, பிறகு சிறிது தூரம் ஓட்டுங்கள். மூடியைச் சுற்றி வெள்ளை உப்பு படிந்திருந்தால் வெந்நீர்த் துணியால் துடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் கிலோமீட்டர் இறங்கிக்கொண்டே போனால், எண் மூன்றிலக்கமாக இருக்கும்போதே கம்பெனி சர்வீசுக்குக் கொண்டுபோங்கள். அந்தக் கணக்கை அழிக்கும் கருவி பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கிறது. தவறி டீசல் டேங்கில் யூரியாவை ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாமல், பங்க்கிலிருந்தே டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.